வெறும் கிண்ணம் திரும்புவதில்லை



காரைநகருக்கு நான் போவது வேலை நிமித்தம். கையில் ஒரு கோப்பு, அதற்குள் ஒரு கட்டுப் படிவம். வாழ்வாதார உதவி பெற்ற குடும்பங்களைப் போய்ப் பார்த்து, கோழி எத்தனை உயிருடன் இருக்கிறது, முட்டை என்ன விலைக்குப் போகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும். படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருக்கும். "உதவி வழங்கியோருக்கு உங்கள் நன்றியை எவ்வாறு தெரிவிக்க விரும்புகிறீர்கள்?" அதன் கீழே நான்கு வரிக்கு இடம். பக்கத்தில் படம் ஒட்டுவதற்கு ஒரு சதுரம்.

அன்றைக்குப் போன வீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. பத்து நாட்டுக்கோழியும் ஒரு கூடும் பெற்றவர். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் சுறுசுறுப்பாகப் பதில் சொன்னார். கடைசிக் கேள்வியை வாசித்ததும் பேச்சு நின்றுவிட்டது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இதுக்கு என்னத்தைச் சொல்லுறது, பிள்ளை? நீங்களே எழுதுங்கோ. எல்லாரும் எழுதிறதைத்தானே எழுதுவியள்."

கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போன குரல். இடம்பெயர்ந்து ஊர் ஊராக இருந்த காலத்திலிருந்து எத்தனை படிவங்களுக்கு அவர் நன்றி சொல்லியிருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. அரிசிக்கு, தறப்பாளுக்கு, தகரத்துக்கு, பிள்ளையின் கொப்பிக்கு. நான் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு எழுந்தேன். புறப்படும்போது ஒரு சில்வர் கிண்ணத்தில் எள்ளுப்பாகு வைத்துத் தந்தார். "கிண்ணத்தை ஆறுதலாகக் கொண்டு வாங்கோ" என்றார்.

அடுத்த மாதம் மீண்டும் போக வேண்டியிருந்தது. கிண்ணத்தைக் கழுவிப் பைக்குள் வைத்தேன். அம்மா கண்டுவிட்டார். "வெறுங் கிண்ணமே கொண்டு போறாய்?" என்று கேட்டு, அதற்குள் மோர்மிளகாய் நிறைத்துத் தந்தார். இந்தக் கட்டுரை அந்தப் பிரயாணத்தைப் பற்றியது.

யாழ்ப்பாணத்தில் இருந்து மானிப்பாய், வட்டுக்கோட்டை, மூளாய், பொன்னாலை வழியாகக் காரைநகருக்குப் பஸ் போகிறது. நம்மில் பலர் எத்தனையோ முறை போய்வந்த வழி. அந்த வழி நெடுக, இருநூறு வருடங்களுக்கு முன் கடல் கடந்து வந்து இங்கே வாழ்ந்தவர்களின் அடையாளங்கள் இருக்கின்றன. அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கட்டப்பட்டுப் பின்னர் கூரையின்றிச் சிதைந்து கிடந்த கோயில்களையும் வீடுகளையும் திருத்திக் குடியேறினார்கள். கூரைக்கு நம்முடைய பனைமரம்தான் உதவியது.

நான் சமூகவியல் படித்தபோது அவர்களைப் பற்றிப் படித்தது பரீட்சைக்காக. ஆண்டுகளும் பள்ளிக்கூடங்களின் பெயர்களும்தான் மனதில் நின்றன. படிவத்தின் அந்தக் கேள்வி மனதைக் குடைந்த பிறகு அவர்களைப் பற்றி மீண்டும் வாசித்தேன். இந்த முறை நான் தேடியது அவர்களின் அன்றாட வாழ்க்கையை, அதிலும் பெண்களின் வாழ்க்கையை.

ஹரியட் வின்ஸ்லோ என்பவர் 1796இல் அமெரிக்காவின் கனெக்ரிகட் மாநிலத்தில் பிறந்தவர். மணமாகிய கையோடு கணவர் மைரன் வின்ஸ்லோவுடன் 1819 ஜூன் மாதம் பொஸ்ரனில் கப்பல் ஏறினார். கல்கத்தா வழியாக அவர்கள் கொழும்பை வந்தடைய ஆண்டு முடிவாகிவிட்டது. 1820இல் உடுவிலில் குடியேறினார்கள். மைரன் வின்ஸ்லோ பின்னாளில், 1862இல், பெரிய தமிழ் ஆங்கில அகராதியை வெளியிட்டவர். ஹரியட் 1824இல் உடுவிலில் பெண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி.

பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் இல்லாத காலம் அது. பள்ளி எப்படித் தொடங்கியது என்பதற்கு ஒரு செவிவழிக் கதை உண்டு. உடுவில் வீட்டு விறாந்தைக்கு இரண்டு சிறுமிகள் வேடிக்கை பார்க்க வருவார்களாம். ஒரு நாள் மாலை பெருமழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போக முடியவில்லை. பசி. அந்நியர் வீட்டில் சாப்பிட்டால் சாதி ஆசாரம் கெட்டுவிடும் என்று இருந்த நாட்களில், அன்றிரவு அந்தப் பிள்ளைகள் அங்கேயே ஏதோ சாப்பிட்டுத் தங்கினார்களாம். அதிலிருந்து ஒருவர் பின் ஒருவராகப் பிள்ளைகள் வந்தார்கள் என்பது கதை. ஒரு மழை இரவில் ஒரு தாய் எடுத்திருக்கக்கூடிய துணிவையும் இந்தக் கதைக்குள் நான் காண்கிறேன். மறுநாள் அந்தப் பிள்ளையை மீண்டும் அங்கே அனுப்பியவள் அவள்தானே.

மானிப்பாயில் பஸ் நிற்கிறது. டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848இல் தொடங்கிய வைத்தியசாலை இங்கேதான் இருக்கிறது. அவர் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். ஆங்கிலம் தெரியாத ஒருவரும் வைத்தியம் படிக்கலாம் என்ற நிலையை நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே நம் மண்ணில் உண்டாக்கினார். இதே மானிப்பாயில்தான் எலைசா அக்னியூ அம்மையார் தம் கடைசி நாட்களைக் கழித்து 1883இல் காலமானார்.

எலைசா அக்னியூ 1807இல் நியூயோர்க்கில் பிறந்தவர். பள்ளியில் பூமிசாத்திரப் பாடத்தில் ஆசிரியர் படத்தில் இலங்கையைக் காட்டியபோதே, பெரியவளானதும் அங்கே போவேன் என்று தீர்மானித்தாராம். ஆனாலும் பெற்றோர் இருக்கும்வரை அவர்களைவிட்டுப் புறப்படவில்லை. அவர்கள் மறைந்த பின்னர், முப்பதுகளின் தொடக்கத்தில், 1840 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மணமாகாதவர். கிட்டத்தட்ட நாற்பது வருடங்கள் உடுவில் பள்ளியை நடத்தினார். ஒருமுறைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. அவரிடம் படித்த பெண்கள் ஆயிரம் பேர் வரை இருப்பார்கள். அதனால் அவரை "ஆயிரம் பெண்களின் தாய்" என்றார்கள். முதலில் படித்தவர்களின் பெண்களுக்கும், சிலரின் பேத்திகளுக்கும்கூட அவரே ஆசிரியையாக இருந்தார். விடுமுறை நாட்களில் கிராமம் கிராமமாகப் போய்ப் பழைய மாணவிகளின் வீடுகளில் ஏறி இறங்குவது அவர் வழக்கம்.

அந்த வீடுகளில் அவரை வெறுங்கையோடு அனுப்பியிருப்பார்களா? நம்மூர் வழக்கத்தை அறிந்த நீங்களே சொல்லுங்கள். முருங்கைக்காயோ, பனங்கட்டியோ, பழுத்த வாழைக்குலையில் ஒரு சீப்போ வண்டிலில் ஏறியிருக்கும்.

வட்டுக்கோட்டையைத் தாண்டும்போது நான் எப்போதும் யன்னல் பக்கம் திரும்புவேன். 1823இலிருந்து 1855 வரை இங்கே நடந்த செமினரி தமிழ்க் கல்வி வரலாற்றில் பெரிய பெயர் பெற்றது. அதன் வழியில் வந்தது 1872இல் தொடங்கிய யாழ்ப்பாணக் கல்லூரி. அந்தச் செமினரியைப் பற்றி வாசித்தபோதுதான் என் படிவத்தின் மூதாதையைக் கண்டேன்.

மிஷன் விடுதிப் பள்ளிகளில் ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் உள்ள ஒருவரோ ஒரு சங்கமோ ஏற்றுக்கொள்வார்கள். அவர்கள் விரும்பிய பெயர் அந்தப் பிள்ளைக்குச் சூட்டப்படும். நம்மூர்ப் பையன்கள் பலர் ஆங்கிலப் பெயர்களோடு திரிந்ததற்கு இது ஒரு காரணம். 1841இல் வெளிவந்த "உதயதாரகை" பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்றால் வெள்ளைக்காரர் என்றுதான் நினைப்போம். இருவரும் தமிழர்கள். படிப்பு கிடைத்தது உண்மை. அதற்காகத் தாய் தகப்பன் வைத்த பெயர் பின்னுக்குப் போனதும் உண்மை. உதவியைப் பெற்றவரின் முகத்தில் உதவி கொடுத்தவரின் அடையாளத்தை ஒட்டுவது புதிய பழக்கமல்ல. என் படிவத்தின் சதுரமும் அந்த வகைதான்.

அவர்கள் வந்தது மதம் பரப்ப. நம் முன்னோரின் வழிபாட்டை அவர்கள் பல இடங்களில் இகழ்ந்து எழுதினார்கள். அதற்கு எதிராக ஆறுமுக நாவலர் எழுந்ததும், சைவப் பள்ளிகள் தோன்றியதும் நாம் அறிந்த வரலாறு. அதை மறைத்துவிட்டு நன்றி பேசக் கூடாது. குறையை அறிந்து கொண்டே நன்மையையும் அறிவதுதான் நேர்மை என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். இந்த மிஷனரிகளும் படிவம் நிரப்பியவர்கள்தான். அவர்களின் உணவும் உடையும் பள்ளிக் கூரையும் பொஸ்ரனில் சேர்த்த காசில் வந்தவை. சிறு தேவாலயங்களில் சாதாரண மனிதர்கள் போட்ட காசு. அதற்கு அவர்கள் கடிதமும் அறிக்கையும் எழுதியனுப்ப வேண்டும். அவை அங்கே "மிஷனரி ஹெரால்ட்" என்ற மாத இதழில் அச்சாகும். உடுவிலில் தேங்காய் எண்ணெய் விளக்கின் கீழ் ஒரு பெண், பகல் முழுவதும் பிள்ளைகளோடு அலைந்த பிறகு, யாரென்று அறியாத தூரத்து மனிதர்களுக்கு நன்றி எழுதிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு நெருக்கமான ஒருத்தியைப் போல இருந்தது.

ஆனால் அவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்கள், தண்ணீர் அள்ளிக் கொடுத்தவர்கள், சமைத்தவர்கள், காய்ச்சலில் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எல்லாரும் நம்மவர்கள். அவர்களுள் பெரும்பாலானவர்களின் பெயர் இன்று எவருக்கும் தெரியாது. கொடுத்தவர் ஒரு பக்கம், பெற்றவர் மறுபக்கம் என்று கோடு போட்டால் அது சரியாக வராது. கடல் கடந்து சேவைக்கு வந்தவளும் ஒவ்வொரு நாளும் ஊராரிடம் ஏதாவது பெற்றுக்கொண்டேதான் வாழ்ந்தாள்.

பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலைக் கடந்தால் கடல் வருகிறது. பாலம் என்று நாம் சொல்லும் அந்த நீண்ட தெருவின் இரு பக்கமும் முழங்காலளவு தண்ணீர். கம்பு நட்டு வலை கட்டியிருப்பார்கள். மாரி காலத்தில் பறவைகள் கூட்டமாக நிற்கும். அக்கரையில் காரைநகர். பழைய பெயர் காரைதீவு. ஒல்லாந்தர் இதற்குத் தங்கள் நகரமான ஆம்ஸ்ரடாம் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் நிற்கவில்லை, நம் பெயர்தான் நின்றது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கும் கடற்கோட்டையின் ஒல்லாந்தப் பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது. ஹம்மன்ஹீல். பன்றித் தொடை இறைச்சியின் குதிகால் என்று அர்த்தம். இலங்கைப் படம் அவர்களுக்கு அப்படித் தெரிந்ததாம்! நமக்கு மாம்பழமாகவும் கண்ணீர்த் துளியாகவும் தெரிவது அவர்களுக்கு இறைச்சித் துண்டாகத் தெரிந்திருக்கிறது. அவரவர் பசி அவரவருக்கு.

ஈழத்துச் சிதம்பரம் என்று போற்றப்படும் சிவன் கோயில், சவுக்கு மரங்கள் நிற்கும் கசூரினா கடற்கரை, கோவளத்து வெளிச்சவீடு இவையெல்லாம் காரைநகரின் பெருமைகள். குடிக்கிற தண்ணீர்தான் பெருந் துன்பம். கிணறு இருக்கும், தண்ணீர் உவராக இருக்கும். நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள வளவுக்குக் குடத்தோடு போவதும், பவுசர் வரும் நேரத்துக்குக் காத்திருப்பதும் இங்குள்ள பெண்களின் நாட்கணக்கில் பெரிய பங்கு. 1990களில் இந்த ஊர் இடம்பெயர்ந்து போய், பின்னர் கொஞ்சங் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. திரும்பாதவர்களின் வீடுகள் இன்னும் பற்றைக்குள் நிற்கின்றன.

அக்கா வீட்டுப் படலையைத் திறந்ததும் முதலில் தண்ணீர்தான் வந்தது. செம்பு நிறைய, அவர் தூரத்தில் இருந்து சுமந்து வந்த நல்ல தண்ணீர். அதை வாங்கிக் குடிக்கும்போது, யார் யாருக்கு உதவி செய்கிறார்கள் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

கிண்ணத்தைக் கொடுத்தேன். திறந்து பார்த்துச் சிரித்தார். "அம்மா தந்துவிட்டவவே? எனக்குத் தெரியும், வெறுங் கிண்ணம் வராதெண்டு."

பிறகு இருவரும் விறாந்தையில் இருந்து கதைத்தோம். அவருடைய மூத்த மகன் பத்து வருடங்களாக வெளிநாட்டில். தொலைபேசியில் முகம் பார்க்கிறார், கையால் தொட முடியவில்லை. நான் ஹரியட் வின்ஸ்லோவின் கதையைச் சொன்னேன். அந்தக் காலத்து மிஷனரிகள் பிள்ளைகள் வளர்ந்ததும் படிப்புக்காக அவர்களைக் கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவார்கள். ஹரியட்டும் தன் மகன் சார்ள்சை அப்படி அனுப்பினார். அவன் 1832இல் நியூயோர்க்கில் நோயுற்று இறந்தான். பதினொரு வயதுதான். கப்பலில் கடிதம் வர மாதக்கணக்கில் செல்லும் காலம். மகன் போய்விட்ட பின்னும் பல வாரங்கள் தாய் அவனுக்காக மன்றாடிக்கொண்டு இருந்திருப்பாள். 1833 ஜனவரி 14ஆம் திகதி ஹரியட்டும் உடுவிலில் காலமானார். அப்போது அவருக்கு வயது 36.

அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வெள்ளைக்காரியெண்டாலும் பெத்தவள்தானே" என்றார். தன் மகனைப் பற்றி அழாதவர் அந்தப் பிள்ளைக்காகக் கண்ணைத் துடைத்தார்.

அதற்குப் பிறகுதான் படிவத்தை எடுத்தேன். "அக்கா, அந்தக் கடைசிக் கேள்விக்கு நீங்கள் விரும்பினால் மட்டும் பதில் சொல்லுங்கோ. படமும் கட்டாயமில்லை" என்றேன். அவர் கோழிக்கூட்டுப் பக்கம் பார்த்தார்.

"நன்றி எண்டு வாயால சொன்னா அதோட கணக்கு முடிஞ்சு போகும், பிள்ளை. இது முடியிற கணக்கில்லை. முதல் அடை வைச்சுப் பொரிச்ச குஞ்சில ஆறை அங்கால வளவில இருக்கிற பிள்ளைக்குக் குடுத்திட்டன். அவளும் பொரிக்கவைச்சு இன்னொரு ஆளுக்குக் குடுப்பாள். அதை எழுதுங்கோ."

"படம்?"

"என்னை ஏன்? கோழியை எடுங்கோ."

அவர் சொன்னபடியே எழுதினேன். சதுரத்தில் கோழிக்கூட்டின் படம் ஒட்டினேன். அலுவலகத்தில் ஒரு கேள்வி வந்தது, பதில் சொன்னேன், படிவம் ஏற்கப்பட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925இல் கொடையைப் பற்றி எழுதிய ஆய்வை நாங்கள் பல்கலைக்கழகத்தில் படித்தோம். கொடுப்பது, பெறுவது, திருப்பிக் கொடுப்பது என்ற மூன்றும் சேர்ந்தே மனிதரை மனிதரோடு கட்டிவைக்கின்றன என்பது அவர் கருத்து. திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் பெற்றுக்கொண்டே இருப்பவர் உள்ளுக்குள் கூனிப்போகிறார். அக்காவின் களைப்புக்கு அதுதான் காரணம். அவருக்கு நன்றி இல்லாமல் இல்லை. அதைத் தன் வழியில் காட்ட நாங்கள் இடம் விடவில்லை. வள்ளுவரும் அதிகாரத்துக்குப் பெயர் வைத்தபோது செய்ந்நன்றி அறிதல் என்றுதான் வைத்தார். நன்றி என்றால் அங்கே செய்யப்பட்ட நன்மை. அதை அறிய வேண்டும் என்றாரே தவிர, படிவத்தில் எழுத வேண்டும் என்று சொல்லவில்லை.

உடுவில் பள்ளியும் அப்படித்தான் நிலைத்தது. அக்னியூ அம்மையாரிடம் படித்த பெண்கள் அமெரிக்காவுக்குக் கடனைத் திருப்பி அனுப்பவில்லை. தங்கள் தங்கள் ஊர்களில் ஆசிரியைகளாகவும், பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் தாய்மாராகவும் ஆனார்கள். வந்த கிண்ணம் அடுத்த வளவுக்குப் போனது. அதனால்தான் இருநூறு வருடங்களுக்குப் பிறகும் அந்தப் பள்ளியில் மணி அடிக்கிறது.

சகோதரிகளே, நம்மில் பலர் போரில் எல்லாவற்றையும் இழந்து, பிறர் தந்ததில் எழுந்து நிற்பவர்கள். பெற்றதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. உங்கள் கண்ணீரையும் முகத்தையும் விலையாகக் கொடுக்க வேண்டியதுமில்லை. படம் எடுக்க விருப்பமில்லை என்றால் என்னைப் போன்றவர்களிடம் துணிந்து சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. உங்களிடம் மிஞ்சுவது ஒரு பிடி முருங்கையிலையோ, தையல் தெரிந்த கையோ, ஒரு மணித்தியால நேரமோ, எதுவாக இருந்தாலும் அடுத்த வளவைப் பாருங்கள். அங்கே ஒருத்தி இருப்பாள்.

இன்னொரு விஷயம். அன்று புறப்படும்போது அக்கா அதே கிண்ணத்தில் புழுக்கொடியல் போட்டுத் தந்தார். அது இப்போது எங்கள் குசினித் தட்டில் இருக்கிறது. அடுத்த முறை எதை நிரப்புவது என்று அம்மா இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டார்.